ஐம்பது காசுக் கணக்கு



நம் வீடுகளில் அடிக்கடி எழும் பேச்சு ஒன்று உண்டு. இரவுச் சாப்பாட்டு நேரம். மகன் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, "அப்பா, சிங்கப்பூர்ல வேலை இருக்காம். இங்க ஒரு மாசம் வாங்குறத அங்க பத்து நாள்ல வாங்கிடலாமாம்" என்கிறான். தகப்பனார் உடனே பதில் சொல்வதில்லை. தாய்தான் கேட்கிறாள்: "தங்குறது எங்கய்யா? சோறு யாரு போடுவா? உடம்புக்கு ஒண்ணுன்னா யாரு பாப்பா?" மகனுக்குக் கோபம் வந்துவிடுகிறது. "நான் சம்பளத்தைச் சொல்றேன், நீங்க சோத்தைப் பேசுறீங்க" என்று எழுந்து போய்விடுகிறான்.

மகன் போட்டதும் கணக்குத்தான். தாய் போட்டதும் கணக்குத்தான். ஒருவர் சம்பளத்தை எண்ணுகிறார். மற்றவர் அந்தச் சம்பளத்தைக் கொண்டு நடத்தப்போகும் வாழ்க்கையை எண்ணுகிறார். இந்த வாக்குவாதம் நேற்று இன்று தோன்றியதல்ல. நம் பாட்டனும் பாட்டியும் கப்பலேறிய காலத்திலிருந்தே நம் கூடத்தில் நடந்துவருவது. ஆகவே, அவர்கள் அந்தக் கணக்கை எப்படிப் போட்டார்கள், அதில் எது விட்டுப்போயிற்று, விட்டுப்போனதை எப்படிக் கண்டுகொண்டார்கள் என்பதை இன்றைய உரையில் பார்ப்போம்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிட வேண்டும். "நம் முன்னோர் ஏமாந்து வந்தவர்கள், மரத்தைக் குலுக்கினால் வெள்ளி கொட்டும் என்று யாரோ சொன்னதை நம்பிக் கப்பலேறிவிட்டார்கள்" என்று பலர் பேசுகிறார்கள். ஏமாற்றப்பட்டவர்கள் உண்டு. ஆனால் எல்லாரையும் அப்படிச் சொல்வது நியாயமல்ல. அவர்கள் விட்டுவந்த ஊர் எப்படி இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. பஞ்சம் இல்லாத காலத்திலும் நிலமற்ற உழைப்பாளியின் நிலை நல்லதாக இல்லை. தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆற்காடு, தென் ஆற்காடு போன்ற மாவட்டங்களில் எத்தனையோ குடும்பங்கள் பண்ணையாட்களாக இருந்தன. தகப்பன் வாங்கிய கடனுக்கு மகன் உழைத்தான். கூலி பெரும்பாலும் நெல்லாகவே அளக்கப்பட்டது. பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்கக் கூடாது, மேல்துண்டைத் தோளில் போடக் கூடாது என்ற கட்டுப்பாடுகள் வேறு. அப்படிப்பட்ட ஒருவனுக்கு மாதச் சம்பளம் கையில் காசாக வரும் என்பது வெறும் பணச் செய்தி அல்ல. தன் காசைத் தானே எண்ணி வாங்கி, தன் விருப்பப்படி செலவிடலாம் என்ற சுதந்திரச் செய்தி அது. ஆகவே கப்பலேறியபோதே அவர்கள் கூலியை மட்டும் பார்க்கவில்லை. வேறொரு வாழ்க்கையையும் எதிர்பார்த்தார்கள்.

ஆனால் அந்த வாழ்க்கை எடுத்த எடுப்பில் கிடைத்துவிடவில்லை. பினாங்குக்கு எதிர்க்கரையில் உள்ள வெல்லெஸ்லி மாநிலத்தில், இன்று செபராங் பிறை என்று அழைக்கப்படும் பகுதியில், கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழ்த் தொழிலாளர்கள் 1830-களிலிருந்தே கொண்டுவரப்பட்டனர். அவர்கள் வந்தது ஒப்பந்தக் கூலி முறையில். கப்பல் செலவுக்கும் முன்பணத்துக்கும் கடன்பட்டவன், ஒப்பந்தக் காலம் முடியும்வரை அதே முதலாளியிடம் உழைக்க வேண்டும். இடையில் விட்டுப்போனால் அது குற்றம், சிறை உண்டு. சம்பளம் என்று ஒரு தொகை சொல்லப்பட்டது உண்மை. ஆனால் "பிடிக்கவில்லை, போகிறேன்" என்று சொல்லும் உரிமை அதில் இல்லை. கால் கட்டப்பட்டிருக்கும்போது கையில் எத்தனை காசு இருந்து என்ன பயன்? இந்தியாவிலும் இங்கும் எழுந்த கண்டனங்களுக்குப் பிறகு 1910-ஆம் ஆண்டோடு இம்முறைக்கு முடிவு கட்டப்பட்டது.

அதற்குள் ரப்பர் வந்துவிட்டது. 1877-இல் சிங்கப்பூருக்கு வந்துசேர்ந்த ரப்பர்க் கன்றுகளின் வழிவந்த மரங்கள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காடு காடாக வளர்ந்து நின்றன. மோட்டார் வண்டிகள் பெருகின. டயருக்கு ரப்பர் தேவைப்பட்டது. ரப்பருக்கு ஆள் தேவைப்பட்டது. 1907-இல் இந்தியக் குடிவரவு நிதி ஏற்படுத்தப்பட்டது. தோட்ட முதலாளிகள் தாங்கள் வேலைக்கு வைத்திருக்கும் இந்தியத் தொழிலாளர் கணக்குப்படி அந்த நிதிக்குப் பணம் கட்ட வேண்டும். அதிலிருந்து புதிய தொழிலாளரின் கப்பல் செலவு கொடுக்கப்படும். இதனால் வருகிறவன் தலையில் பயணக் கடன் ஏறுவது நின்றது. ஒரு மாத நோட்டீஸ் கொடுத்து வேலையை விட்டு விலகவும் சட்டம் இடமளித்தது. இது பெரிய முன்னேற்றம்தான்.

ஆளைத் திரட்டும் பொறுப்பு கங்காணியிடம் போயிற்று. தோட்டத்தில் வேலை செய்யும் கங்காணி, தன் சொந்த ஊருக்கே போய் உறவினரையும் ஊராரையும் அழைத்து வருவார். நல்ல வேட்டி, சட்டை, குடை, காலில் செருப்பு என்று அவர் ஊருக்குள் நுழைந்தபோது அந்தத் தோற்றமே பாதி விளம்பரமாயிற்று. மீதிப் பாதியை அவர் வாய்ச்சொல் செய்தது. ஆனால் கொண்டுவரும் ஒவ்வோர் ஆளுக்கும் அவருக்குத் தரகு உண்டு என்பதும், ஆட்கள் வேலைக்குப் போகும் நாளெல்லாம் அவருக்குத் தலைக்காசு உண்டு என்பதும் கேட்டவர்களுக்குத் தெரிந்திராது. வேலை பற்றிய செய்தியைச் சொல்பவருக்கே அதில் இலாபம் இருந்தால், அவர் சொல்லாமல் விடுவது என்ன என்று கேட்டுக்கொள்ள வேண்டும். வரலாறு நமக்குத் தரும் முதல் பாடம் இது.

இனி அந்த ஐம்பது காசுக்கு வருவோம். 1922-இல் இந்தியாவில் குடியேற்றச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்பின், "கூலி இவ்வளவு என்று நிர்ணயிக்காமல் ஆட்களை அனுப்ப மாட்டோம்" என்று இந்திய அரசாங்கம் வற்புறுத்தியது. அதன் விளைவாக 1920-களின் பிற்பகுதியில் நிர்ணயக் கூலி ஏற்பட்டது. எளிதில் சென்றடையக்கூடிய பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. உலு பகாங் போன்ற உட்பகுதிகளில் விலைவாசி கூடுதல் என்பதால் 58 காசும் 46 காசும்.

இதைத் திருச்சிப் பக்கத்துக் கிராமத்தில் உட்கார்ந்து ஒருவர் எப்படிக் கணக்கிட்டிருப்பார்? அக்காலத்தில் மலாயா வெள்ளி ஒன்றுக்குச் சுமார் ஒன்றரை ரூபாய். ஐம்பது காசு என்றால் ஏறத்தாழ பன்னிரண்டு அணா. மாதம் 26 நாள் வேலை என்றால் 13 வெள்ளி. அதாவது இருபது ரூபாய். மனைவியும் வேலை செய்தால் இருவருக்கும் 23 வெள்ளி 40 காசு, முப்பத்தாறு ரூபாய். நெல்லாகக் கூலி வாங்கியவன் காதில் முப்பத்தாறு ரூபாய் என்ற சொல் எப்படி ஒலித்திருக்கும்! இந்தக் கணக்கில் கூட்டல் பிழை ஏதும் இல்லை. பிழை வேறிடத்தில் இருந்தது. வரவை ஊர் ரூபாயில் எண்ணினார்கள். செலவையோ மலாயா வெள்ளியில் செய்ய வேண்டியிருந்தது.

அரிசியை எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் ஆக்கிய அரிசி பெரும்பாலும் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் கப்பலில் வந்தது. பருப்பு, மிளகாய், புளி, துணி எல்லாமே கடல் கடந்து வந்தவை. ஊரில் குளத்தோரம் சும்மா கிள்ளிவந்த கீரைக்கும், வேலியில் பறித்த முருங்கைக்கும் விலை இல்லை. இங்கே லயத்துக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் கிடைத்துத் தாமே பயிரிட்டால்தான் அது உண்டு. இல்லாவிட்டால் கடைக்குப் போக வேண்டும். கடையோ பல இடங்களில் தோட்டத்துக்குள்ளேயே கங்காணிக்கோ அவருக்கு வேண்டியவருக்கோ சொந்தமாக இருந்தது. பற்று எழுதி வாங்கியவன் சம்பள நாளன்று கணக்குத் தீர்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பிய கதைகளை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டிருப்பீர்கள்.

அடுத்தது 26 நாள் என்ற எண். மாதத்தில் 26 நாளும் பேர் விழுமா? காலையில் மழை பெய்தால் பால் வெட்ட முடியாது. பெரட்டுக்குப் பிந்தி வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நிரை முடியாவிட்டால் அரைப் பேர். காய்ச்சலில் படுத்தால் பேரே இல்லை. நாட்கூலி என்பது உழைத்த நாளுக்கு மட்டும் தரும் கூலி. வயிறோ எல்லா நாளும் பசிக்கும்.

காய்ச்சல் என்று சொன்னேன். அதைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. காட்டை அழித்து உண்டாக்கிய புதுத் தோட்டங்களில் மலேரியா கொள்ளை நோயாக இருந்தது. 1911-ஆம் ஆண்டில் மலாய்க் கூட்டு மாநிலங்களின் தோட்டங்களில் ஆயிரம் தொழிலாளருக்கு அறுபது பேருக்கும் மேல் மாண்டனர். நூறு பேர் கொண்ட லயத்தில் ஓராண்டில் ஆறு அடுப்புகளில் அழுகுரல் கேட்டது என்று பொருள். கிள்ளானில் 1901 முதல் பணியாற்றிய டாக்டர் மால்கம் வாட்சன், சதுப்பு நிலங்களை வடித்தால் கொசுவும் குறையும், காய்ச்சலும் குறையும் என்று செய்து காட்டினார். வாய்க்கால் வெட்டிய தோட்டங்களில் சாவு குறைந்தது. வெட்டாத தோட்டங்களில் மனிதர்கள் செத்துக்கொண்டே இருந்தார்கள். இரண்டு தோட்டங்களிலும் கூலி ஒன்றாகவே இருந்திருக்கலாம். ஆனால் இரண்டும் ஒரே வேலையா? உயிர் பிழைக்கும் வாய்ப்பு எந்தச் செக்ரோலிலும் எழுதப்படுவதில்லை.

வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். லயத்து வீட்டுக்கு வாடகை இல்லை. ஆஸ்பத்திரிக்குக் காசு இல்லை. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி, ஓர் இனத்தைச் சேர்ந்த பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் ஒரு பள்ளிக்கூடம் வைக்க வேண்டும். பிள்ளைகளைப் பார்க்க ஆயாக்கொட்டகை உண்டு. இவையெல்லாம் உண்மையான வசதிகளே. நம்மில் பலர் அந்தத் தோட்டப் பள்ளியில்தான் தமிழ் எழுத்தைக் கற்றோம். அதை மறப்பது நன்றியாகாது.

ஆனால் இந்த இலவசங்களுக்கும் ஒரு விலை இருந்தது. சீனத் தொழிலாளர்கள் பெரும்பாலும் ஒப்பந்தக்காரர் மூலம் வேலை செய்து கூடுதல் கூலி பெற்றனர். "எங்களுக்கு மட்டும் ஏன் குறைவு?" என்று கேட்டபோது முதலாளிகள், "உங்களுக்குத்தான் வீடு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் கொடுக்கிறோமே" என்றார்கள். அதாவது இலவசம் என்று சொல்லப்பட்டது கூலியில் கழிக்கப்பட்ட தொகைதான். அதைவிடப் பெரிய விலை ஒன்றும் உண்டு. வேலை போனால் வீடும் போகும். வீடு போனால் பிள்ளையின் பள்ளியும் போகும். கிராணியை எதிர்த்து ஒரு வார்த்தை பேச வேண்டுமானால் தன் குடும்பத்தின் கூரையையே பணயம் வைக்க வேண்டும். சொந்தமில்லாத கூரை வாயை அடைத்துவிடும். பல தலைமுறைகளின் மௌனத்துக்கு இதுவே காரணம், கோழைத்தனம் அல்ல.

கள்ளுக்கடையையும் இங்கே சேர்க்க வேண்டும். தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை நடந்தது. உடம்பு வலிக்கு என்று தொடங்கிய பழக்கம் சம்பளத்தின் ஒரு பங்கைச் சம்பள நாளன்றே திருப்பி வாங்கிக்கொண்டது. அதில் இழந்தவள் முதலில் மனைவி. விடியுமுன் எழுந்து சமைத்து, குழந்தையை ஆயாவிடம் விட்டு, கணவனோடு சமமாக மரம் வெட்டி, காண்டாக் கம்பில் வாளி தூக்கி, மாலையில் மறுபடி அடுப்படிக்கு வந்தவள் அவள். அவள் பெயருக்கு எதிரே 40 காசு. வீட்டில் அவள் உழைத்த மணிகளுக்குக் காசே இல்லை.

இப்படி ஒருவாறு ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையை 1930-இல் வந்த உலகப் பொருளாதார மந்தம் புரட்டிப்போட்டது. 1932-இல் ஒரு ராத்தல் ரப்பர் பத்துக் காசுக்கும் கீழே விழுந்தது. ஐம்பது காசுக் கூலி நாற்பதாயிற்று. பிறகு சில இடங்களில் முப்பதுக்கும் கீழே போயிற்று. ஆளே வேண்டாம் என்று தோட்டங்கள் சொல்லத் தொடங்கின. ஆட்களை அழைத்துவர ஏற்படுத்திய அதே குடிவரவு நிதியைக் கொண்டு அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். 1930 முதல் 1932 வரை இலட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளரும் குடும்பத்தினரும் கப்பலேற்றப்பட்டார்கள். பத்தாண்டு, பதினைந்தாண்டு பால் வெட்டியவர்கள் அவர்கள். ஊரில் வீடு இருந்ததா, நிலம் இருந்ததா, உறவு அப்படியே இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. வெளிநாட்டு வேலையில் சம்பளம் எவ்வளவு என்ற கேள்வியோடு, "அந்த வேலை நின்றால் நான் எங்கே நிற்பேன்?" என்ற கேள்வியும் சேர வேண்டும் என்பதை அந்த ஆண்டுகள் கற்பித்தன.

மந்தம் தணிந்தபின் 1936-ஆம் ஆண்டின் இறுதியில் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் இந்திய அரசாங்கத்தின் சார்பில் மலாயா வந்து தொழிலாளர் நிலையை ஆராய்ந்தார். 1937-இல் கூலி மறுபடி 50 காசுக்கும் 40 காசுக்கும் உயர்ந்தது. ஆனால் ஓராண்டுக்குள், 1938-இல், அது 45 காசாகவும் 36 காசாகவும் குறைக்கப்பட்டது. இந்திய அரசாங்கம் பொறுமை இழந்தது. அவ்வாண்டு ஜூன் மாதம், உதவி பெற்று மலாயாவுக்குத் தொழிலாளர் வருவதை அடியோடு தடை செய்தது. கங்காணி ஆள்திரட்டிய காலம் அத்தோடு முடிந்தது.

இனி, நேயர்களே, நம் வரலாற்றில் மிகவும் முக்கியமானது என்று நான் கருதும் நிகழ்ச்சிக்கு வருகிறேன். அது 1941-ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலைநிறுத்தம். ஐரோப்பாவில் போர் நடந்துகொண்டிருந்தது. ரப்பருக்கு நல்ல விலை. அரிசியும் துணியும் விலையேறிவிட்டன. கூலியோ பின்தங்கி நின்றது. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் முன்னணியில் இருந்த ஆர். எச். நாதனும் அவர் தோழர்களும் தொழிலாளரை ஒன்றுசேர்த்தார்கள். நாதன் 'தமிழ் நேசன்' பத்திரிகையில் பணியாற்றியவர்.

அந்தத் தொழிலாளர்கள் முன்வைத்த கோரிக்கைகளைக் கவனமாகக் கேளுங்கள். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி வேண்டும் என்பது ஒன்று. மற்றவை என்ன? பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி வேண்டும். நல்ல மருத்துவ வசதி வேண்டும். தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும். பத்து, பன்னிரண்டு மணி நேர வேலை நிற்க வேண்டும். கொடுமை செய்யும் அதிகாரிகளை நீக்க வேண்டும். பெண்களிடம் மேலாளர்கள் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும். உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் வந்துபோக அனுமதி வேண்டும். துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும்.

சைக்கிளைவிட்டு இறங்குவதில் காசு நஷ்டம் எதுவும் இல்லை. ஆனால் தன் உழைப்பில் வாங்கிய சைக்கிளில் மகன் பின்னால் உட்கார்ந்திருக்க, எதிரே துரை வந்தார் என்பதற்காக இறங்கித் தலைகுனிந்து நிற்கும் தகப்பனுக்கு அது என்ன விலை என்று தெரியும். பின்னால் இருக்கும் மகனுக்கும் தெரியும். படிப்பறியாதவர்கள் என்று சொல்லப்பட்ட அந்த மக்கள், கூலி என்ற ஒரு வரியைத் தாண்டி வாழ்க்கையின் எல்லா வரிகளையும் அந்தப் பட்டியலில் எழுதிவிட்டார்கள். கப்பலேறியபோது போட்ட கணக்கில் விட்டுப்போனவை அனைத்தும் அதில் இருந்தன.

கூலியில் சிறிது உயர்வு கிடைத்தது. மற்றவற்றுக்கு எளிதில் பதில் கிடைக்கவில்லை. மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரி மறுபடியும் வேலைநிறுத்தம் பரவியது. துருப்புகள் வந்தன. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். சில காசு கொடுக்க முன்வந்தவர்கள் மரியாதையைக் கொடுக்க மறுத்தார்கள் என்பதுதான் அந்த நிகழ்ச்சியின் சாரம்.

அடுத்த ஆண்டு ஜப்பானியர் ஆட்சி. தோட்ட வேலை நின்று பட்டினி பரவியிருந்த நேரம். நல்ல கூலி, சில மாத வேலை என்ற பேச்சை நம்பிப் பலர் ரயிலேறினார்கள். வேறு பலர் பிடித்து ஏற்றப்பட்டார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்த இடம் சயாம்-பர்மா ரயில் பாதை. 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் 415 கிலோமீட்டர் நீளப் பாதை முடிந்தபோது, நம் தோட்டங்களிலிருந்து போன பல்லாயிரம் பேர் திரும்பி வரவில்லை. எந்தக் கூலி உயிருக்கு ஈடாகும்?

போருக்குப் பின் நிலைமை மெல்ல மாறியது. 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்தது. கூலியைத் துரையின் மனப்போக்குக்கு விடாமல் ஒப்பந்தம் போட்டுப் பேசும் காலம் பிறந்தது. ஆனால் கூரை இன்னும் சொந்தமாகவில்லை. 1950-களிலும் அதற்குப் பிறகும் பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது லயத்து மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அதைக் கண்ட துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டினார்கள். அந்தப் பணத்தால் தோட்டங்களை வாங்கினார்கள். சம்பளத்தில் ஒரு பகுதியை நிலைத்து நிற்கும் இடமாக மாற்ற முடியும் என்று அந்தப் பத்து வெள்ளி காட்டியது.

இடத்தோடு ஏடும் வேண்டும் என்பதை 1969 காட்டியது. குடியுரிமை இல்லாதோர் வேலை செய்யத் தனி அனுமதி பெற வேண்டும் என்ற 1968-ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்தவர்கள் திகைத்துப்போனார்கள். சுமார் 60,000 பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். அவர்களில் பலர் வாழ்நாளெல்லாம் ஒழுங்காகச் சம்பளம் வாங்கியவர்களே. ஒரு பாரத்தை நிரப்பாமல் விட்டது அந்தச் சம்பளத்தையெல்லாம் விடக் கனமாகிவிட்டது.

இப்போது தொடக்கத்தில் சொன்ன மகனிடம் திரும்புவோம். 1973 மே மாதம் வரை மலேசிய வெள்ளியும் சிங்கப்பூர் வெள்ளியும் சரிக்குச் சரியாக மாற்றப்பட்டன. பிறகு இரண்டும் பிரிந்தன. 2024-இல் ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கும் மேல் கிடைத்தது. பன்னிரண்டு அணா பாட்டனை அழைத்தது போல இந்த மூன்று மடங்கு பேரனை அழைக்கிறது. அதில் தவறில்லை. ஆனால் வரவை ரிங்கிட்டில் எண்ணி, செலவை மட்டும் எண்ணாமல் விட்டால், பாட்டன் செய்த அதே பிழையைப் பேரனும் செய்கிறான். அங்கே அறை வாடகையும் சோறும் அந்நாட்டு வெள்ளியில்தான். தினமும் ஜொகூர் பாலத்தைக் கடந்து போய்வருகிறவன், விடியுமுன் எழுந்து இரவில் திரும்பும் அந்த மணிகளுக்கு யாரும் சம்பளம் தருவதில்லை.

போகாதே என்று சொல்ல நான் வரவில்லை. நம் முன்னோர் போகாதிருந்தால் நாம் இங்கே இல்லை. போகுமுன் தாயும் மகனும் ஒரே தாளில் கணக்கு எழுதட்டும் என்கிறேன். இடப்பக்கம் சம்பளம் ஒரே வரி. வலப்பக்கம் பல வரிகள். அந்த ஊர் விலையில் இந்தப் பணம் என்ன வாங்கும்? மாதத்தில் எத்தனை நாள் வேலை உறுதி? தரகருக்கு எவ்வளவு, அது கடனா? தங்குமிடம் யாருடையது, வேலை போனால் அதுவும் போகுமா? உடம்புக்கு வந்தால் செலவு யாருடையது? பாஸ்போர்ட் யார் கையில் இருக்கும்? பிள்ளைகள் யாரிடம் வளர்வார்கள்? பிடிக்காவிட்டால் விலகி வர முடியுமா? அங்கே என்னை மனிதனாக நடத்துவார்களா? இத்தனைக்கும் பதில் எழுதியபின் சம்பளம் இன்னும் பெரிதாகத் தெரிந்தால், தாராளமாகப் போகலாம். போகிறவன் தெளிவோடு போவான். அனுப்புகிறவள் நிம்மதியோடு அனுப்புவாள்.

இன்னொன்றும் சொல்லி முடிக்கிறேன். நம்மவர்கள் விட்டுப்போன நிரைகளில் இன்று இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள் வேலை செய்கிறார்கள். அவர்களும் ஒரு கிராமத்தில் உட்கார்ந்து, தங்கள் நாட்டுப் பணத்தில் ஒரு கணக்குப் போட்டுவிட்டு வந்தவர்கள்தான். அவர்களைப் பார்க்கும்போது கங்காணியின் குடை நிழலில் கப்பலேறிய நம் பாட்டனையும் பாட்டியையும் ஒரு நிமிடம் நினைத்துப்பாருங்கள். அவர்களுக்கு அன்று யாராவது முழுக் கணக்கையும் சொல்லியிருக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறதல்லவா? இன்று இவர்களில் ஒருவர் நம்மிடம் ஒரு கடிதத்தையோ, ஒரு பாரத்தையோ நீட்டிப் படித்துச் சொல்லும்படி கேட்டால், உட்காரவைத்து முழுதும் படித்துச் சொல்லுவோம். ஐம்பது காசுக் கணக்கைக் கற்றவர்கள் நாம்.